காத்திருப்போர் குழு

மனம் சோர்ந்தவர்களுக்குப் புதுவிதமான பேச்சு சிகிச்சை ஒன்று பலன் தருகிறதா என்று கண்டுபிடிக்கக் கிளம்பியிருந்தார் பேராசிரியர். வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சிகிச்சை. மறுபாதிக்கு, ‘உங்கள் முறை வரும், காத்திருங்கள்’ என்ற வாக்கு. இவர்களுக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். இவர்கள் தேறாமல் அப்படியே இருந்தால்தான் சிகிச்சையின் பலன் பளிச்சென்று தெரியும். சும்மா இருப்பதையே வேலையாகக் கொடுத்தால் பாவம் யார்தான் ஒழுங்காகச் செய்வார்கள்?

அவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து கேள்வி கேட்க ஒரு பெண் இருந்தாள். பதிவுசெய்த டேப் ஓடுவதுபோல் பேசுவதால் ஆய்வுக்கூடத்து மாணவர்கள் அவளை ‘டேப் அக்கா’ என்பார்கள். மகள் இறந்ததிலிருந்து அவள் குரல் உப்புச் சப்பில்லாமல் போயிருந்தது. கேட்பவர் குரலில் கொஞ்சம் கனிவு கசிந்தாலும் பதில் மாறிவிடும், அதுதான் ஆய்வாளர் சார்பு என்று முதலாண்டுப் பாடப்புத்தகமே சொல்கிறது. அதனால் பேராசிரியர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். பெற்றவளின் நெஞ்சு மரத்துப்போனது அங்கே தகுதியாகிவிட்டது. அவளுக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

புதன்கிழமைப் பட்டியலில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். மனைவி போனபின் தனிக்கட்டை.

“தூக்கம் எப்படி இருக்கு? பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள சொல்லுங்க.”

ஆரம்பத்தில் இரண்டு என்றார். பிறகு நாலு. பிறகு ஆறு. போன் அடித்த கையோடு எடுத்துவிடுவார்.

“புதன்னா காலையிலயே சவரம் பண்ணிடுறேம்மா,” என்றார் ஒருமுறை. எழுதிக் கொடுத்த தாளில் அதற்குப் பதில் இல்லை. அவள் அடுத்த கேள்வியைப் படித்தாள்.

பாதி ஆய்வு முடிந்து கணக்குப் பார்த்தபோது பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. காத்திருந்தவர்களும் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சமமாகத் தேறியிருந்தார்கள்.

“ஆறுதலா ஏதாவது பேசினீங்களாம்மா?”

“இல்ல சார்.”

ஒலிப்பதிவுகளை எல்லாம் போட்டுக் கேட்டார். தாளில் இருந்ததைத் தாண்டி ஒரு சொல் இல்லை.

“அப்ப போனே மருந்தாயிடுச்சு,” என்றார். “அது நமக்கு ஆகாது. இனிமே கேள்வியை மெசேஜ்ல அனுப்பிடுவோம்.”

“சரி சார்.”

குழு சொன்ன பேச்சு கேட்டது. எண்கள் இறங்கின. பேராசிரியரும் கெட்டவரில்லை, ஆய்வு முடிந்ததும் காத்திருப்பவர்களுக்கும் சிகிச்சை கொடுக்கத்தான் போகிறார். ஓட்டுநர் மட்டும் எந்த எண்ணும் அனுப்பவில்லை. அடுத்த வாரமும் அனுப்பவில்லை.

“விலகிட்டார்னு எடுத்துடுங்க,” என்றார் பேராசிரியர். “ஒருத்தர்தானே.”

அவள் கணினிப் பட்டியலில் அவருடைய வரியை அழித்தாள். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அப்புறம்தான் நினைத்தாள். இன்னொருவரைப் பற்றி அப்படி நினைத்து வெகுகாலம் ஆகியிருந்ததால், கணக்கில் ஏதோ விட்டுப்போன உறுத்தல் என்றே முதலில் எடுத்துக்கொண்டாள்.

ஆய்வில் இருப்பவரைத் தனிப்பட்ட முறையில் கூப்பிட்டால் வேலை போய்விடும். தெரிந்துதான் மாடிப்படிக்கு வந்து, தன் சொந்தப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். கடைசி மணியில் எடுத்தார்.

“யாருங்க?”

“ஆய்வுக்கூடத்துலருந்து பேசுறேன்.”

“நீங்களாம்மா. படுத்திருந்தேன். பொழுது விடிஞ்சிருச்சா?”

“மத்தியானம் தாண்டிருச்சு. மெசேஜுக்குப் பதிலே வரலை.”

“வந்துச்சு. நம்பர் போடச் சொல்லுது. போட்டா யாரு பாக்கப்போறா?” செருமிக்கொண்டார். “நான் தேறிட்டேன்னுதானே கூப்பிடுறதை நிறுத்திட்டீங்க? ரெண்டுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

அவர் சொன்னது உண்மை.

“சரி, கேள்வியைக் கேளுங்கம்மா.”

“இன்னைக்குக் கேள்வி இல்ல,” என்றாள். அப்புறம், இத்தனை நாள் கேள்வி கேட்ட அதே குரலில், “என் பொண்ணு செத்துப்போயிட்டா,” என்றாள்.

அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டியவர்கள் எல்லாரும் மகள் போன அன்றைக்கு அங்கேயே நின்றிருந்தார்கள்.

போனில் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பாப்பா பேரு என்னம்மா?”

அவள் சொன்னாள். முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடி சொன்னாள்.