காத்தாடி எந்த ஊர்?

நிமிடத்துக்கு இருபத்திரண்டு பெட்டி. தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் அந்த வேகத்தில் ஸ்டிக்கர் ஒட்ட லோகேஸ்வரியை விட்டால் ஆள் கிடையாது. இடது கை பெட்டியைத் திருப்பும். வலது கை சுருளிலிருந்து உரித்து மூலையில் வைத்து, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்க்கும். கண் அந்தப் பக்கமே போகாது. கண்ணுக்கு வேறு வேலை இருந்தது, எதிரே நின்று பெட்டி கட்டும் நல்லம்மாளை முறைப்பது.

ஸ்டிக்கரில் ‘மேட் இன் மலேசியா’ என்று இருக்கும். பெட்டிக்குள் இருந்த மேசைக் காற்றாடியோ சீனாவில் பிறந்து, இறக்கை, வலை, மோட்டார் எல்லாம் அங்கேயே பூட்டிக்கொண்டு கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, நேற்று மத்தியானம்தான் கண்டெய்னர் லோரியில் வந்து சேர்ந்திருந்தது. இனி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சீனாக்காரனாகவே போய் இறங்கினால் வரியைத் தீட்டிவிடுவார்கள்; மலேசியாக்காரனாகப் போனால் கொஞ்சம் பார்த்துப் போடுவார்கள். அந்தக் குடியுரிமை லோகேஸ்வரியின் கட்டைவிரலுக்கு அடியில் கிடைத்துக்கொண்டிருந்தது.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் மேனேஜர் கமலநாதன் எல்லாரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, வெள்ளைப் பலகையில் பாடம் நடத்தினார். காற்றாடி வாங்கும் அமெரிக்கக் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். வியாழக்கிழமை ஆடிட்டரை அனுப்புகிறார்களாம்.

“இதுக்குப் பேரு கன்ட்ரி ஆஃப் ஒரிஜின். ஒரு பொருள் நம்ம ஊரு பொருள்னு சொல்லணும்னா, அதோட மதிப்புல நாப்பது பெர்சென்ட் இங்க சேரணும். இல்லன்னா பொருளே அடியோட மாறணும். வெறும் ஸ்டிக்கர் ஒட்டுனா செல்லாது. புரியுதா?”

நல்லம்மாள் கையைத் தூக்கினாள். “சார், பாசார்ல வாங்குன மாவுல நான் தோசை சுட்டா, அது யாரு தோசை?”

“உங்க தோசைதான்க்கா. மாவு வேற, தோசை வேற. பொருளே மாறிடுச்சு பாருங்க. கரெக்ட்!”

“கடையில சுட்ட தோசைய வாங்கியாந்து, என் தட்டுல வெச்சா?”

“அது கடை தோசை.”

“அப்ப நாம இங்க செய்யறது?”

கமலநாதன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “தட்டுல வெக்கிறதுதான். அதுக்குத்தானே மெஷின் வாங்கி வெச்சிருக்கோம் லா!”

அந்த மெஷின் பெரிய கதை. ரவாங்கில் மூடிய ஒரு தொழிற்சாலையிலிருந்து போன செப்டம்பரில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தது. தகட்டை உள்ளே வைத்தால் மேல் அச்சு இறங்கி, கீழ் அச்சில் அமுக்கி, காற்றாடி இறக்கையாக வெட்டித் தரும். தரும் என்றால், ஒரு காலத்தில் தந்திருக்கும். டெக்னீசியன் நாகையா வந்த அன்றைக்கே பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பாஸ், இதுல மோட்டாரே இல்லியே!” என்று அலறினார்.

“ஓடணும்னு யாரு சொன்னா? நின்னா போதும்” என்றார் கமலநாதன்.

பாடம் முடிந்ததும் அவர் லோகேஸ்வரியைத் தனியாக நிறுத்தினார். ஆடிட் நல்லபடியாக முடிந்தால் ஏஜென்ட் ஆட்களில் பத்துப் பேரை பெர்மனென்ட் ஆக்குவதாகப் பெரிய பாஸ் சொல்லியிருக்கிறார், முதல் பேர் அவளுடையதுதான் என்றார். ஒன்பது வருஷமாக அவள் ஏஜென்ட் ஆள், கம்பெனிக் கணக்கில் சேராத ஒப்பந்தக் கூலி. பெர்மனென்ட் ஆனால் கிளினிக் கார்டு கிடைக்கும், அதில் புருஷன் பேரையும் சேர்ப்பார்கள். பாலன் லோரி ஓட்டிய மனுஷன். சர்க்கரையில் கால் புண் ஆறாமல், வாரம் இரண்டு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்கப் போய், மத்தியானம் இரண்டு மணிக்குக் காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருவான். கார்டு இருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிளினிக். கட்டுப் போட்டுக்கொண்டு பத்தே நிமிடத்தில் வந்துவிடலாம். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவள் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பாள்.

புதன்கிழமை கூத்து ஆரம்பித்தது. ஐந்நூறு காற்றாடியை உட்கார்ந்து கழற்றினார்கள். மறுநாள் ஆடிட்டர் முன்னால் புதிதாகப் பூட்டிக் காட்ட வேண்டுமே! “பெத்த புள்ளைய திரும்ப வயித்துக்குள்ள தள்ற மாதிரி இருக்கு” என்று நல்லம்மாள் திட்டிக்கொண்டே திருகாணிகளை டப்பாவில் போட்டாள். மெஷினைத் துடைக்கும் பொறுப்பு லோகேஸ்வரிக்கு வந்தது. மண்ணெண்ணெய் தொட்டு, துணியை மாற்றி மாற்றி, பச்சை பெயின்ட் பளபளக்கும்வரை தேய்த்தாள். ஆயுத பூஜையன்று மேல் அச்சிலும் கீழ் அச்சிலும் அவளே வைத்த சந்தனம் குங்குமம் அப்படியே இருந்தது. மற்ற மெஷின்களில் வைத்தது ஓட்டத்தில் அன்றைக்கே போய்விட்டது. இதில் மட்டும் காய்ந்து, கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. சாமிக்கு வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா? பொட்டை விட்டுவிட்டு, சுற்றிலும் விரல் நுனியால் பதமாகத் துடைத்தாள். மேற்பார்வைக்கு வந்த கமலநாதனும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தாள். வெள்ளைக்காரனை எதிர்பார்த்து டை கட்டி வந்திருந்த கமலநாதன் வாசலிலேயே அசடு வழிந்தார். வந்தது அபிராமி, பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. சேஃப்டி பூட்ஸ், கையில் டேப்லெட். கமலநாதன் ஆங்கிலத்தில் சப்ளை செயின், வேல்யூ அடிஷன் என்று வாய் ஓயாமல் பேச, அவள் ‘ம், ம்’ என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். வரிசையில் எல்லாரும் காற்றாடி பூட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று கழற்றியதைத்தான் பூட்டினார்கள். தினமும் செய்கிற வேலை என்று காட்டப் பார்த்தாலும், கை பழகாமல் நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பூட்டினார்கள். நல்லம்மாள் ஒரு இறக்கையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, “இன்னிக்கு ஏன்தான் இப்படி வருதோ” என்று சத்தமாகவே சொன்னாள்.

அபிராமி மெஷின் முன்னால் நின்றாள். குனிந்து உள்ளே பார்த்தாள். முகம் மலர்ந்தது. தமிழுக்கு மாறினாள்.

“அழகா இருக்கே! யாரு வெச்சது?”

லோகேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. “நான்தாம்மா வெச்சேன்.”

“எப்பக்கா?”

“ஆயுத பூஜைக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அபிராமி சிரிக்கவில்லை. மேல் அச்சைப் பார்த்தாள், கீழ் அச்சைப் பார்த்தாள்.

“தைப்பூசமே முடிஞ்சிருச்சேக்கா. நாலு மாசமா இந்த மெஷின் ஒரு தடவைகூட அமுக்கலியா?”

நாகையா திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் நுழைந்துகொண்டார்.

“அது வந்து மேடம், தினமும் வெப்பாங்க” என்றார் கமலநாதன். “ஃப்ரெஷ்ஷா. ரொம்ப பக்தி.”

“அப்படியா? அப்ப ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. நாளைக்கு ஃப்ரெஷ்ஷா வெச்சுக்கலாம்.”

அவ்வளவுதான், காற்றாடியின் மலேசியக் குடியுரிமை அந்த இடத்திலேயே காலாவதியானது. அபிராமி கிளம்பும்போது லோகேஸ்வரியின் கையைப் பிடித்து, “சாரிக்கா, என் வேலை” என்றாள். லோகேஸ்வரிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தன் வாய்மேல்தான் வந்தது, அதைத் தைத்துப் போட்டால் என்ன என்றிருந்தது.

கார்டு கைநழுவிவிட்டது என்று இரண்டு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமலநாதன் அவளை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவே வைத்தார்.

“சொன்ன சொல் காப்பாத்துவேன் லா, அக்கா. பாருங்க.”

உறைக்குள் ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கார்டு. அதில் அவள் பேரும் கீழே பாலன் பேரும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அந்த எழுத்தை மட்டும் அவளுக்கு நன்றாகப் படிக்க வந்தது. காட்டிய இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். “நல்லா இருக்கணும் சார் நீங்க” என்று கண் கலங்கக் கும்பிட்டாள். கமலநாதன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கிள்ளானில் வாங்கிய லட்டு டப்பாவுடன் வந்தாள். வாசல் காவலாளி விமலனுக்கு இரண்டு, வரிசையில் எல்லாருக்கும் ஒன்று. நல்லம்மாள்கூடச் சண்டையை மறந்து கட்டிப்பிடித்தாள். நாகையா லட்டை வாயில் போட்டுக்கொண்டு, “குடு, படிக்கிறேன்” என்று தாளை வாங்கினார்.

“அக்டோபர் ஒன்னாந்தேதிலேர்ந்து பெர்மனென்ட். அம்மாடி, பேக்டேட் போட்டு குடுத்திருக்கான்! பதவி… ஒரிஜின் சூப்பர்வைசர்.”

“நான் சூப்பர்வைசரா?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் லோகேஸ்வரி.

நாகையா இரண்டாம் தாளைத் திருப்பினார். மெல்லுவது நின்றது.

“என்னண்ணே?”

“ஏஜென்ட் ஆளுங்க ஒட்டுனாங்கன்னு சொன்னா அமெரிக்காக்காரன் ஒத்துக்க மாட்டானாம். கம்பெனியில ஒரு பொறுப்பான ஆளு வேணுமாம்.” குரல் இறங்கியது. “மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியாம ஒரிஜின் சூப்பர்வைசர் லோகேஸ்வரி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிட்டாங்களாம். அதனால நேத்தோட டிஸ்மிஸ். ஒத்துக்கிட்டு நீ கையெழுத்து போட்டிருக்க.”

“கார்டு?”

நாகையா கார்டைத் திருப்பிப் பார்த்து அவள் கையிலேயே வைத்தார். “அதுவும் நேத்தோட.”

நல்லம்மாள் பெருங்குரலெடுத்து மேனேஜரின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். லோகேஸ்வரி டப்பாவில் மீதியிருந்த நாலு லட்டையும் எண்ணிப் பார்த்து மூடினாள்.

அதற்குள் விமலன் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டான். உதட்டோரம் லட்டுத் துணுக்கு இருந்தது. “அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க ஏஜென்ட் ஆளு கேட்பாஸ் அக்டோபர்லேயே கேன்சல்னு சிஸ்டம்ல காட்டுது. ஸ்டாஃப் கேட்பாஸ் நேத்தோட முடிஞ்சிருச்சு. இப்ப எப்படி உள்ள விட்டேன்னு மேனேஜர் என்னையக் கத்துறாரு. விசிட்டர்னு எழுதி அனுப்பச் சொல்றாரு.”

வாசலில் பெரிய புத்தகத்தை விரித்தான். பேர் எழுதினான். வந்த நேரம் ஏழு, போகும் நேரம் எட்டேகால். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“எங்கேர்ந்து வர்றீங்க, எந்தக் கம்பெனின்னு ஒன்னு இருக்குக்கா. என்ன போட?”

லோகேஸ்வரி லட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் லோரி வெளியே போக ஹார்ன் அடித்தது. விமலன் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு கிழித்துவிட்டு, கையெழுத்துக்காகப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினான்.