காலை ஆறு மணி மாத்திரை

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெயிண்டருக்கு, வலிக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரையே இரண்டு வருடத்தில் பழக்கமாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது; மாத்திரையைத்தான் விட முடியவில்லை. ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகும், வயிறு கலக்கும், கால் இரண்டும் முறுக்கும். கடைசியில் அவரே அக்காவிடம், "என்னால முடியலக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

காலை ஒன்பது மணிக்கு வார்டு நர்ஸ் நாடி பார்த்தபடி, கடைசி மாத்திரை எப்போது போட்டது என்று விசாரித்தாள்.

"நேத்து சாயங்காலம்" என்றார் அவர்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. வியர்வை இல்லை, கொட்டாவி இல்லை, கையில் புல்லரிப்பும் இல்லை. தாளில், மாத்திரை நின்றால் வரும் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் மூன்றுதான் வந்தது.

"நேத்து போட்டிருந்தா இந்நேரம் கண்மணி விரிஞ்சிருக்குமே அண்ணே. குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல. நாங்க நாக்கடியில வைக்கப்போற மருந்து, பழைய மாத்திரை உடம்புல இருக்கும்போது போனா அதைப் பிடுங்கித் தள்ளிடும். மொத்த அவஸ்தையும் ஒரே மூச்சுல வந்து நிக்கும்."

அக்கா அழுதுவிட்டாள்.

"நான்தான் குடுத்தேன் சிஸ்டர். காலைல ஆறு மணிக்கு. பாத்ரூம் தரையில சுருண்டு கிடந்தான். மனசு கேக்கல."

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?" என்று சீறினார் தம்பி.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்று நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். "இனி சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும். பழைய மாத்திரை இறங்கி, இந்த மதிப்பெண் பன்னிரண்டைத் தாண்டினாத்தான் மருந்து."

ஒரு மணிக்கு மதிப்பெண் ஆறு. அப்போதும் அவருக்கு வாய் ஓயவில்லை. "இந்தச் சுவரை யாரு சிஸ்டர் அடிச்சது? ரெண்டாவது கோட்டு அடிக்காமலே ஏணியை மடக்கிட்டுப் போயிருக்கான்!"

நான்கு மணிக்குப் பேச்சு நின்றது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. எழுந்து செருப்பை மாட்டினார். "நான் வீட்டுக்குப் போறேன்."

"போகலாம் அண்ணே, யாரும் கட்டி வைக்கல. ஆனா பாதிக்கு மேல தாண்டிட்டீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம்தான்."

அவர் நின்றபடியே நடுங்கினார். அக்கா கட்டிலில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தார். அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்கு மதிப்பெண் பதினான்கு. டாக்டர் வந்து பார்த்துத் தலையசைத்தார். நர்ஸ் சின்ன மாத்திரையை நாக்கடியில் வைத்தாள். "கரையிற வரைக்கும் முழுங்கக்கூடாது, பேசவும் கூடாது."

"இவனாவது, பேசாம இருக்கிறதாவது!" என்றாள் அக்கா. அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் கால் உதறல் அடங்கியது. ஏழு மணிக்குப் பசிக்கிறது என்றார்.

"இதோட சரியாயிடுமா சிஸ்டர்?" என்று அக்கா வராந்தாவில் கேட்டாள்.

"இது முதல் நாள்தான்க்கா. இந்த மருந்தே பல மாசம் போகும். அவசரப்பட வேண்டாம்."

அக்கா தலையாட்டிவிட்டு, அவருக்குச் சாப்பாடு வாங்கப் படியிறங்கினாள்.