மூன்றாவது வரிசையில் ஜோலின்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஒகையோவில் ஒரு சின்னக் கல்லூரி. சக மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பகுதிநேர வேலை. இறுதியாண்டு மாணவி ஜோலின், சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் வைக்கும் இரண்டு பக்கக் கட்டுரையோடு என் மேசைக்கு வந்தாள். ஏன் வக்கீலாக வேண்டும் என்று சொல்லும் கட்டுரை.

ஜோலினுக்குச் சிறுவயதிலிருந்தே நீதியின் மேல்—

(வேண்டாம். அவளும் இப்படித்தான் தொடங்கியிருந்தாள். அந்த வரியை அடித்தவன் நான்தான்.)

2

"நல்லாயிருக்கு, ஆனா உயிரில்ல. வீட்டுல ஏதாவது நடந்திருக்கா?" என்றேன்.

அண்ணன் டேல் இருந்தான். வேலை செய்த இடத்தில் செப்புக் கம்பி திருடியதாக வழக்கு. அரசு அமர்த்திய வக்கீல் அவன் பெயரையே தப்பாகச் சொன்னார். எட்டு மாதம் சிறை.

"கோர்ட்டுல நீ எங்க உட்கார்ந்திருந்த?"

ஜோலின் பேனாவை மூடித் திறந்தாள். வழக்கு நடந்த அன்று அவள் நூலகத்தில், கைபேசியை அணைத்துவிட்டு, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது வரிசை," என்றாள்.*

* இல்லை. "நான் போகல" என்றுதான் சொன்னாள். "மூணாவது வரிசைன்னு போடு, யாரு வந்து பார்க்கப் போறா?" என்றவன் நான்.

3

சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஞாயிறு மதியம், ஜோலின் வீட்டில் கோழியும் மசித்த உருளைக்கிழங்கும். அம்மா கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தாள்.

"எல்லாரும் கரண்டியைக் கீழ வைங்க!"

சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரிசை வந்ததும் அழுதுவிட்டாள். வழக்கன்று அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

"நீயாவது போனியேடி."

சிறையிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த டேல், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: "வக்கீலம்மா பிரமாதமா எழுதியிருக்கா."

பிறகு, அடுக்களையில், அவள் கழுவ அவன் துடைத்தான்.

"ரெண்டு தடவ திரும்பிப் பார்த்தேன் ஜோ. மூணாவது வரிசையில யாரோ ஒரு கிழவர் தூங்கிட்டிருந்தாரு."

"டேல், நான்—"

"அம்மாகிட்ட சொல்லாத. சந்தோஷமா இருக்காங்க. அந்தத் தட்டைக் குடு."

4

விண்ணப்பத்தின் அடியில், எழுதியதெல்லாம் உண்மை என்று ஜோலின் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கதைக்கு முடிவு ஒன்று: உண்மையை எழுதி அனுப்புகிறாள். இடம் போகிறது. அம்மா மறுபடி அழுகிறாள், இந்தத் தடவை வேறு—

முடிவு இரண்டு: வக்கீலாகிறாள். ஒவ்வொரு வழக்கிலும் வாதாடுவதற்கு முன் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்க்கிறாள். (அழகாக இருக்கிறதல்லவா? நம்பாதீர்கள். பழைய வாக்கியமும் அழகாகத்தான் இருந்தது.)

5

இன்று ஜோலின் மறுபடியும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். சட்டக் கல்லூரிக்கு ஒரு கடிதம், ஒரே வரி: 'என் அண்ணனின் வழக்கு நடந்த அன்று நான்'. அதற்குப் பிறகு காகிதம் வெள்ளை.

"முடிச்சுக் குடு," என்கிறாள். "உனக்குத்தான் நல்லா வருமே."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவளும் எடுக்கவில்லை. உங்கள் பக்கம் உருட்டிவிடுகிறேன். முடிப்பதானால் முடியுங்கள். ஆனால் என்னைப் போல அழகாக முடித்துவிடாதீர்கள்.