ஆடிய மூன்று பிளேடுகள்

திருவளர்சோலையில் பீமராவின் வயலில் இறங்கிய அரைமணி நேரத்திலேயே மருதையின் அறுவடை மெஷின் தகராறு செய்தது. தாளை அறுக்காமல் மென்றது. போன தடமெல்லாம் கதிர் பாதி அறுந்தும் பாதி வேரோடு பிடுங்கப்பட்டும் கிடந்தது.

வரப்பில் நின்ற யமுனாவுக்குத் திக்கென்றது. வேலை பிடிப்பது, நாள் குறிப்பது, டீசல் வாங்கி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவள் கணவன் மருதை. வாங்கும்போதே பழைய மெஷின்தான். ஆனாலும் மருதை கைபட்டால் சொன்னபடி கேட்கும் என்று காட்டூர் வரைக்கும் பேர்.

"நேத்துதானேம்மா புது பிளேடு மாத்தினதா சொன்னீங்க?" என்றார் பீமராவ். ஓய்வுபெற்ற வாத்தியார், ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். "வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. வேற மெஷின் சொல்லிடட்டுமா?"

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

இஞ்சினை அணைக்கச் சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு யமுனா முன்பக்கம் குனிந்தாள். நீண்ட இரும்புப் பட்டையில் முக்கோணப் பிளேடுகள் வரிசையாக ரிவெட் ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருந்தன. தேய்ந்துபோன பன்னிரண்டை மருதை தனியாக உட்கார்ந்து மாற்றியிருந்தான். அதில் மூன்று, தொட்டதும் ஆடின. அடித்து நசுக்கி இறுக்க வேண்டிய ரிவெட்டின் தலை நசுங்கவே இல்லை. சுத்தியல் தழும்பெல்லாம் பக்கத்துப் பட்டையில்தான்.

நிமிர்ந்து, இறங்கி வந்து நின்ற மருதையின் கையைப் பார்த்தாள். கதவில் நசுங்கியது என்று சொல்லியிருந்த கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"கிட்டத்துல இருக்கிறது தெரியலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மருதை துண்டை உதறினான். "தூரத்துல எல்லாம் தெரியுது யமுனா. அந்தக் கோடியில கொக்கு நிக்கிறதுகூட தெரியுது. ரிவெட்டுதான் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"என்கிட்ட சொன்னா என்னங்க?"

"கண்ணு போச்சு, மெஷினை வித்துடலாம்னு நீ சொல்லிட்டேன்னா?"

"வெள்ளெழுத்துக்கு யாராவது மெஷினை விப்பாங்களா? வாங்க. எப்படி அடிக்கணும்னு சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

பட்டையை உருவி இரும்புக் கட்டைமேல் வைத்து அவன் பிடித்துக்கொண்டான். அவள் உளியால் சரியாக உட்காராத ரிவெட்டை வெட்டித் தள்ளிப் புதியதைச் செருகினாள். "முதல்ல மெதுவா. இப்ப சுத்திவரத் தட்டு," என்றான். முதல் ரிவெட் கோணிக்கொண்டது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது.

கடைசிப் பிளேடுக்கு வந்தபோது பீமராவ் பக்கத்தில் வந்து தன் மூக்குக்கண்ணாடியை நீட்டினார். "முப்பது வருஷம் கடைசி பெஞ்சு பேசறதைக் கேட்டவன் நான். எல்லாம் காதுல விழுந்துச்சு. இதைப் போட்டுப் பாருங்க."

மருதை மாட்டிக்கொண்டு ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அப்புறம் யமுனாவின் முகத்தில் வந்து பார்வை நின்றது.

"இங்க ஒரு நரை இருக்கே. எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமாச்சு."

"அழகாத்தான் இருக்கு," என்றான். பீமராவ் சட்டென்று தென்னை மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சாவியைக் கொடுத்தாள். மெஷின் தாளை ஒரே சீராக அறுத்துக்கொண்டு போனது. நெல் டிரெய்லரில் ஏறித் தார்ப்பாய் கட்டின பிறகுதான் தூறல் விழுந்தது.

மறுநாளே சிங்காரத்தோப்புக் கடைத்தெருவில் மருதைக்குக் கண்ணாடி வாங்கினார்கள். ஆனாலும் அதற்கப்புறம் பிளேடு மாற்றும்போதெல்லாம் அவன் பட்டையைத்தான் பிடித்துக்கொள்கிறான்; சுத்தியலை அவளிடம் கொடுத்துவிடுகிறான்.