நாலு மணிக்குள் நிறையும் குறையும்

ஆபீஸில் அவளுக்கு நொட்டை என்று பேர். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து நாலு நொட்டை சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பேர். வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி, குரல் மாற்றி, சேனல்களுக்கு விற்கிற கம்பெனி அது. வாங்கலாமா வேண்டாமா என்று முதலாளி முடிவு செய்வதற்கு முன்னால் நொட்டை முழுத் தொடரையும் பார்த்தாக வேண்டும். நிறை இது, குறை இது என்று ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போடுகிற வேலை இதுதான்.

அன்றைக்கு மணி இரண்டே முக்கால். நாலு மணிக்குக் குறிப்பு மேஜையில் இருக்க வேண்டும் என்று முதலாளி காலையிலிருந்து மூன்று தடவை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அது போதாதென்று, அதே நாலு மணிக்கு அவளுடைய அக்கா புருஷன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். 'மருந்துப் பெட்டிகளை எடுத்தது நான்தான்' என்கிற காகிதம்.

மாமா ஒரு மருந்து கோடவுனில் ஸ்டோர்கீப்பர். பத்து நாளுக்கு முன்னால் அங்கே நாலு பெட்டி ஊசி மருந்து காணாமல் போனது. கேமராவில் பார்த்தால், நீலக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு சாவி போட்டுக் கதவைத் திறக்கிறான். திரையின் மூலையில் நேரம் ஒன்று நாற்பது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அதே நீலக் கோட்டுதான். ஆனால் ஒன்று நாற்பதுக்குச் சாவி மாமாவிடம் இருந்தது. பன்னிரண்டரைக்கு அதை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போனவர், ஒன்றரைக்குத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டிருக்கிறார். சாவிப் புத்தகத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. அப்புறம் என்ன பேச்சு? கோடவுன் ஓனர் முன்னால் கையெழுத்துப் போட்டால் வேலையோடு போகும், போடாவிட்டால் போலீஸ் என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

அந்த வீடியோவை அக்கா அன்றைக்கே நொட்டைக்கு அனுப்பியிருந்தாள். "நீ பாத்துச் சொல்லுடி. உன் கண்ணுக்குத் தப்பாது" என்றாள். நொட்டை பத்து தடவை அந்த முதுகைப் பார்த்தாள். மாமாவின் முதுகு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கடைசியில் மென்று முழுங்கி, "கேமரா பொய் சொல்லாதுக்கா" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அக்கா அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். வேலையைப் பார்த்தால்தானே மனசு வேறு பக்கம் போகும்?

பதினாறு பாகம் உள்ள கொரியத் தொடர். ஒரு போலீஸ் ஸ்டேஷனில் பழைய இரும்பு லாக்கர். இன்றைக்கு அதில் வைக்கிற பொருள், பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அதே ஸ்டேஷனில் போய் விழும். அங்கே வைப்பது இங்கே வரும். இந்தக் காலத்துப் பெண் இன்ஸ்பெக்டரும் அந்தக் காலத்துக் கான்ஸ்டபிளும் சீட்டு எழுதியே ஒரு கொலைகாரனைத் தேடுகிறார்கள்.

'நிறை' என்று எழுதிக் கீழே கோடு போட்டாள். காதில் பூச்சுற்றுகிற கதைதான், ஆனால் முதல் கால் மணி நேரத்திலேயே நம்மை நம்ப வைத்துவிடுகிறான். இரண்டு பேரும் கடைசிவரை நேரில் சந்திக்கவில்லை. அந்த ஏக்கம் பார்க்கிறவர் தொண்டையை அடைக்கிறது. கொலைகாரன் பூதம் மாதிரி இல்லை, பக்கத்து வீட்டில் பார்சல் வாங்கி வைத்துக் கொடுக்கிற ஆள் மாதிரி இருக்கிறான், அதுதான் பயமே. பதில் சீட்டு வருமா வராதா என்று இன்ஸ்பெக்டர் லாக்கர் முன்னால் நிற்கிற இடத்தில் பின்னணி இசை கிடையாது. நம் ஆட்கள் அங்கே டமாரம் அடித்துக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

மணி மூன்று பத்து. மாமாவோடு கோடவுனுக்குப் போயிருந்த அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'உள்ள கூப்பிட்டாங்க.' அவ்வளவுதான். நொட்டை ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு 'குறை' என்று எழுதினாள்.

குறை எழுதுவது அவளுக்குக் கை வந்த கலை, பொரிந்து தள்ளினாள். பழைய காலத்தில் ஒன்றை மாற்றினால் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் மாறுகிறது, கதாநாயகிக்கு மட்டும் மாறவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஐந்தாம் பாகத்துக் காதல் யாருக்கும் தேவையில்லாத ஒட்டு. பன்னிரண்டு பாகத்தில் முடிய வேண்டியதைப் பதினாறுக்கு இழுத்திருக்கிறார்கள். கடைசியாக, எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டிய ஒன்று.

'பதினோராம் பாகத்தில் ஒரு நிரபராதியை உள்ளே தள்ளுவதே ஒரு கடைக் கேமரா காட்டுகிற நேரத்தை வைத்துத்தான். அந்தக் கேமராவின் கடிகாரம் சரியா என்று போலீஸ் பார்க்கவில்லை, வக்கீல் பார்க்கவில்லை, பெற்ற தாய்கூடக் கேட்கவில்லை. எந்த ஊரில் இத்தனை பேர் சேர்ந்து இப்படி மடத்தனமாக இருப்பார்கள்? சுத்தமாக நம்ப முடியவில்லை.'

முற்றுப்புள்ளி வைத்த விரல் அப்படியே நின்றது. அவளுக்குப் பகீரென்றது.

மணி மூன்று இருபத்தேழு. ஃபோனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கினாள். இந்த முறை முதுகைப் பார்க்கவில்லை. கதவுக்கு இடது பக்கம் வாட்ச்மேனின் கண்ணாடி அறை. உள்ளே வாட்ச்மேன் இல்லை, ஆனால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மங்கலாக ஒரு பெண், சிவப்புச் சுவர், கையில் எதையோ தூக்கி நிலைக்கண்ணாடி மேல் எறிகிறாள்.

அடப்பாவி! அது அவள் கம்பெனி குரல் மாற்றி விற்ற தொடர். மத்தியானம் ஒரு மணிக்குத் தினமும் ஓடுகிற மாமியார் தொடர். அந்தக் கண்ணாடி உடைகிற இடத்தில் குரல் கொடுத்த பெண் இருமிவிட்டாள் என்று ஏழு முறை திரும்பப் பதிவு செய்ய வைத்தவளே இவள்தான்.

சேனலிலிருந்து வருகிற ஒளிபரப்புப் பட்டியலைத் திறந்தாள். எந்தக் காட்சி எந்த நிமிஷத்தில் போனது என்று விளம்பரத்தோடு சேர்த்து அதில் இருக்கும். பத்து நாளுக்கு முந்தைய தேதி. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். கண்ணாடி உடைகிற காட்சி, ஒன்று பன்னிரண்டு. திரை மூலையில் ஒன்று நாற்பது. இருபத்தெட்டு நிமிஷம் வித்தியாசம்.

ஒன்று பன்னிரண்டுக்கு மாமா பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சாவி மேனேஜரிடம் இருந்தது.

அக்காவுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், கட் ஆனது. முதலாளி வாசலில் வந்து நின்று, "நொட்டை, முடிஞ்சுதா?" என்றார். "சார், ஒரு நிமிஷம் சும்மா இருங்க!" என்று கத்தினாள். பன்னிரண்டு வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை. மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது தடவை அக்கா எடுத்தாள்.

"இப்ப வேணாம்டி. பேனாவ எடுத்துட்டாரு" என்றாள் கிசுகிசுப்பாக.

"போட வேணாம்னு சொல்லு! ஃபோன ஸ்பீக்கர்ல போடுக்கா. உன் கால்ல விழறேன், போடு."

ஏதோ நாற்காலி நகர்கிற சத்தம். "யாரும்மா அது நடுவுல?" என்றது ஒரு குரல். மேனேஜராக இருக்க வேண்டும். அவள் அந்தக் குரலைச் சட்டை பண்ணவில்லை.

"ஓனர் சார் இருக்காரா? சார், நான் ஸ்டோர்கீப்பரோட மச்சினி. ஒண்ணே ஒண்ணு பாருங்க. கேமரா பெட்டி இருக்குல்ல, அதுல இப்ப மணி என்ன காட்டுது?"

"இதெல்லாம் எதுக்கு சார்? அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார் மேனேஜர்.

"பாத்தா என்ன குறைஞ்சு போகுது?" என்றார் ஓனர். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. நொட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தூரத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"நாலு எட்டு."

"உங்க வாட்ச்சுல சார்?"

"மூணு நாப்பது" என்றார், மெதுவாக.

அவள் டிவியைச் சொன்னாள், காட்சியைச் சொன்னாள், ஒன்று பன்னிரண்டு என்று சொன்னாள். "கரண்ட் போயி வந்தா அந்தப் பெட்டி தானா இப்படி ஆகும் சார், அது வந்து..." என்று இழுத்தார் மேனேஜர்.

"நான் பெட்டியக் கேக்கல. ஒண்ணு பன்னெண்டுக்குச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? அந்தப் புத்தகத்த எடுங்க" என்றார் ஓனர்.

பக்கம் புரள்கிற சத்தம்கூடக் கேட்டது. "மேனேஜர் மூஞ்சில ஈ ஆடலடி" என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள். நொட்டையும் அழுதாள், முதலாளி நிற்கிறார் என்கிற வெட்கமெல்லாம் இல்லாமல்.

மாமா ஃபோனை வாங்கினார். எப்போதும் கிண்டல் பண்ணுகிற மனுஷன். "உன் மாமியார் தொடர இவ்வளவு நாளா திட்டிட்டு இருந்தேன். இனிமே வாயத் திறக்க மாட்டேன்" என்றார்.

"மாமா, நான் அன்னிக்கே பாத்திருக்கணும். கேமரா பொய் சொல்லாதுன்னு உளறிட்டேன்."

"அக்கா சொன்னா" என்றார் மாமா. கிண்டல் போய்விட்டது குரலில். "வக்கீலப் பாக்கலாம்னுதான் இருந்தேன். நீயே அப்படிச் சொல்லிட்டேன்னதும், இனிமே யார் நம்பப் போறாங்கன்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் கையெழுத்துப் போட்டுடலாம்னு முடிவு பண்ணேன்."

அவள் மறுபடி அழுதாள். "சரி விடு, அழாத. வீட்டுக்கு வா" என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்குத் திரும்பினாள். 'எந்த ஊரில் இத்தனை பேர் சேர்ந்து' என்பதிலிருந்து கடைசிவரை அழித்தாள். மிச்சத்தை அப்படியே எடுத்து மேலே, நிறையின் கீழே கொண்டுபோய் ஒட்டினாள். பக்கத்தில் எழுதினாள்: 'இந்த இடம் அப்படியே நடக்கக்கூடியது. வீட்டு மனிதர்களும் இதைத்தான் செய்வார்கள்.'

முதலாளி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். "ஏம்மா, கடிகாரத்த ஒருத்தன்கூட சரிபாக்கலங்கறத நீ கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன்னு நெனச்சேன். இதப் போயி நிறையில போட்டிருக்கே?"

"அது அங்கதான் சார் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டாள்.