மூத்தவன் தட்டு

என் மாமியார் சுருளியம்மாள் தினமும் உலை இறக்கியதும் முதல் சோற்றை மூத்த மகன் தட்டில் போட்டு மூடி வைப்பாள். அந்த மூத்த மகன் யோகராஜ்தான் என் புருஷன். வெளிநாட்டில் பட்டாளத்துக்குச் சமையல் வேலை என்று ஒரு ஏஜெண்டு சொன்னதை நம்பி, தம்பி லிங்கேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் கரண்டிக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். யாருடைய சண்டையோ, எங்கள் வீட்டு ஆண்கள் போய் நிற்கிறார்கள். லிங்கேஸ்வரன் எப்போதாவது போன் செய்கிறான்; அண்ணனை வேறு இடத்துக்குப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள், அதற்குமேல் தெரியாது என்கிறான். இவர் குரலைக் கேட்காமலே தீபாவளியும் போனது, பொங்கலும் போனது.

ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் ஜீப்பில் ஒருநாள், "உசுரோட இருக்காரோ என்னமோ" என்று வாய்விட்டுவிட்டேன். போடிமெட்டு ஏறும்வரை மாமியார் என்னைக் கிழித்தெடுத்தாள்.

"எம்மகன் வருவான்டி. ஒனக்குத்தான் நெஞ்சு கல்லாப் போச்சு!"

அன்றிலிருந்து நானும் நம்பினேன். அவள் நம்பிக்கையில் ஒண்டிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

சித்திரையில் அம்மனுக்கு முளைப்பாரி போட்டார்கள். எங்கள் தெருவில் சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும்தான் விதை போடலாம். ஊறவைத்த பயறோடு நானும் லிங்கேஸ்வரன் பெண்டாட்டி பானுப்பிரியாவும் போய் நின்றோம். விதை வாங்கும் வேலுத்தாய் என்னைக் கண்டதும் தயங்கினாள்.

"மதினி, மூத்தவ போடலாமா?" என்று மாமியாரைக் கேட்டாள்.

வருவான் என்ற ஒரு வார்த்தை போதும். தினமும் தெருவுக்கே கேட்கக் கத்துகிற வார்த்தைதான்.

மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாமி காரியம், எதுக்கு வம்பு? சின்னவ மட்டும் போடட்டும். குத்தமாகி அவ புருசனுக்கும் ஏதாச்சும் ஆயிரக் கூடாது."

பானு அழுதுகொண்டே விதை போட்டாள். அவர் இல்லை என்று ஏஜெண்டு சொல்லவில்லை, சர்க்கார் சொல்லவில்லை. பெற்றவள் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கும் உலை இறக்கியதும் மாமியார் அந்தத் தட்டில் சோற்றைப் போட்டாள். மூடப் போனவளைத் தடுத்துத் தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்தேன்.

"ஒங்க மகன் வருவாரா, மாட்டாரா அத்தே? வருவாருன்னா இப்பவே வேலுத்தாய் வீட்டுக்கு வந்து சொல்லுங்க, நான் வெதை போடுறேன். மாட்டாருன்னா இந்தத் தட்டக் கழுவிக் கவுத்திருவோம்."

அவள் தட்டை விடவில்லை. நானும் விடவில்லை.