தராசு மாமாவின் இடது கால்

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சாய்வு நாற்காலியில் அப்பா, அவர் காலடியில் முக்காலி போட்டு அம்மா, சுவரோரமாக நானும் என் மனைவியும், வெளியூரிலிருந்து வந்திருந்த என் தங்கை, நாற்பது வயதிலும் நாங்கள் பாப்பா என்றே அழைப்பவள்; தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், உட்காராமல், என் தம்பி சின்னவன். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்து கண்ணால் கண்டதாகப் பிற்பாடு பலர் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் வாசற்படி ஏறியவரில்லை.

அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கடைத்தெருவில் நுழைந்தால் வாயாடிக் கடைக்காரனுக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யார் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. தட்டைத் தூக்கி, அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். தூசியை ஊதுவார். வெறுந்தட்டோடு தராசைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கும்வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் எடைக்கல்லைத் தொடுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பல பெயர்கள் இருந்தன. முகத்துக்கு நேரே சொல்ல ஒருவனுக்கும் துணிவில்லை. எங்கள் குடும்பம் தலை நிமிர்ந்து நடந்தது அந்த மனிதரின் பெயரால்தான்.

சின்னவன் வேறு மாதிரி. மண்டபங்களிலும் ஆண்டு விழாக்களிலும் பலகுரல் செய்து ஆட்களைச் சிரிக்க வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டபோது, அம்மா நன்றாகப் பேசுவான் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அந்த நிலைமையில்தான் தொலைக்காட்சி நிலையத்தில் குழந்தைகளுக்கான நகைச்சுவைத் தொடர் ஒன்றை நடத்தும் வாய்ப்பு வந்தது. தொடர் நல்லபடி ஓடினால் அடுத்த ஆண்டிலிருந்து நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அது காலூன்ற ஓர் இடம்.

தொடரின் பெயர் 'தராசு மாமா'. ஒட்டுப்பலகையில் ஒரு கடை. பெஞ்சுகளில் குழந்தைகள். அவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் மாமா எடை போடுவார். ஒருத்தி கொட்டாவியைக் கொண்டுவருவாள். ஒருவன் தான் சொன்ன பொய்யைக் கொண்டுவந்து தட்டில் வைப்பான். "பொய் லேசாத்தான்டா இருக்கு. இதுக்கு முட்டுக் குடுக்க இன்னும் நாலு பொய் வேணுமே, எங்க அது?" என்று மாமா அவன் சட்டைப் பையைத் துழாவுவார். எனக்கே சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை.

மாமா போட்டிருந்த கோட்டு அப்பாவுடையது. அம்மாவிடம் கேட்டு வாங்கிப் போனான். தட்டை ஊதுவதும் அப்பாவிடமிருந்து எடுத்ததுதான். அதில் கேலி இல்லை, பாசம்தான் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். இரண்டை மட்டும் அவனே சேர்த்திருந்தான். பெரிய தராசைத் தோளில் தூக்கிச் சுமந்ததால் மாமாவுக்கு ஒரு பக்கம் சாய்ந்துபோய் இடது கால் தரையில் இழுபடும். பேசும்போது சொல்லின் வாலை விழுங்கிவிடுவார். அப்பா அப்படி நடந்தவரும் இல்லை, அப்படிப் பேசியவரும் இல்லை.

அந்த நிலையத்தில் படப்பிடிப்புக் கூடம் கிடைப்பது அரிது. அதனால் பல வாரங்களுக்கு வேண்டியதை ஒரே மூச்சில் பதிவு செய்துகொண்டு, பிறகு வாரம் ஒன்றாக ஒளிபரப்புவார்கள். பதிவு முடிந்து, ஒளிபரப்பு தொடங்காத இடைவெளியில் அப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. இடது கால் இழுத்துக்கொண்டது. சொற்களின் வால் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கி உட்கார வைத்தவனும், வெராந்தாவில் படுத்துக் கிடந்தவனும் சின்னவன்தான். அப்போது தராசு மாமாவின் கால் அவன் நினைவுக்கு வரவே இல்லை. முடிந்த வேடத்தைத் திரும்ப நினைத்தால் அடுத்த வேடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. கழற்றியதைக் கழற்றியபடியே விட்டுவிடுவார்கள். அவனும் விட்டுவிட்டான்.

ஆகவே முதல் ஒளிபரப்பு நடந்த அன்று மாலை, பெட்டிக்குள் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் இடது காலை இழுத்து இழுத்து வந்து, "வணக்க... பிள்ளைங்க..." என்றபோது, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெட்டிக்குள் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பா எழுந்து பெட்டியை அணைக்கப் போனாள். அப்பா வலது கையைத் தூக்கித் தடுத்தார். கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் வாயைத் திறந்தார்.

"வெறு... தட்... பாக்க..."

எனக்குப் புரியவில்லை. என்னப்பா என்று குனிந்தேன். பதில் சின்னவனிடமிருந்து வந்தது.

"வெறுந்தட்டப் பாக்காம எடை போட்டுட்டேன்ணே. அதச் சொல்றாரு."

அப்பா தலையாட்டினார். சின்னவன் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அன்றே தொடரை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றாள் பாப்பா. பச்சைப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், போகட்டும் என்றாள் என் மனைவி. சம்பந்தப்பட்டவர் குறை சொன்னது தராசைப் பற்றித்தான், காலைப் பற்றி அல்ல, மற்றவர்கள் பேச வேண்டியதில்லை என்று நான் முடித்து வைத்தேன்.

ஆனால் தெரு என்று ஒன்று இருக்கிறதே. நடந்தால்தான் கால் வரும், நாற்காலியில் விட்டால் மரக்கட்டையாகிவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாலையில் நான் கையைப் பிடித்துக்கொள்ள அப்பா தெருமுனை வரை நடப்பார். சில வாரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் இடது காலை இழுத்துக்கொண்டு. கேலி செய்யவில்லை. நிஜமான தராசு மாமா தங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார் என்று நம்பினார்கள். ஒரு சிறுமி முன்னால் வந்து மூடிய கையை நீட்டினாள்.

"மாமா, எங்கம்மாவோட கோவம். எடை போட்டுச் சொல்லுங்க."

அப்பா நின்றார். வலது கையை விரித்து நீட்டினார். அவள் எதையோ வைப்பதுபோல் வைத்துவிட்டு ஓடினாள். வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே அவர் நின்றபோது, எதிர்க் கடையில் சிரிப்புக் கேட்டது. அப்பா ஒரு காலத்தில் தராசைப் பறிமுதல் செய்த கடை அது.

"ஊருக்கே எடை போட்டவரு. மகன் அவரையே நல்லாப் போட்டுட்டான்யா," என்றான் கடைக்காரன், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே.

தெருவில் நின்று பதில் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார். மறுநாள் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. கெஞ்சியும் பார்த்தோம். நிகழ்ச்சி ஓடும்வரை அவர் படி இறங்கப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டது. கால் நாளுக்கு நாள் இறுகியது.

விஷயத்தைச் சின்னவனிடம் சொன்னேன். முழுதும் கேட்டான். நிலையத்துக்கு என்னையும் துணைக்கு வரச் சொன்னான். போனேன்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஓர் அம்மாள். பொறுமையானவர். ஊர் வாய் தானாக அடங்கும் என்றார். இவன் பிடிவாதமாக நிற்கவே, படத்தொகுப்பு அறைக்கு எங்களை அழைத்துப் போய், கால் தெரியாமல் இடுப்புக்கு மேல் மட்டும் வைத்துத் தொகுத்துக் காட்டினார். மாமா வருகிறார், ஒன்றுமே செய்யவில்லை, குழந்தைகள் உருண்டு சிரிக்கிறார்கள். பார்க்கவே என்னவோ போலிருந்தது. மிச்ச வாரங்களைக் காலை இழுக்காமல் புதிதாக நடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றான் சின்னவன். அந்த அம்மாள் சிரமப்பட்டுக் கூடத்தை ஒரு காலைப்பொழுதுக்கு வாங்கித் தந்தார்.

நான் பின்வரிசையில், கம்பிவடங்களுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் வாடை. விளக்குகளின் சூடு. பெஞ்சில் குழந்தைகள் காலாட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் உள்ளே வந்தான். காலை இழுக்கவில்லை, ஒரு பக்கம் சாயவில்லை. முதுகு நேராக, குதிகால் அழுந்த, யாரையும் பார்க்காமல் நேரே தராசைப் பார்த்து வந்தான். தட்டைத் தூக்கி அடிப்புறம் பார்த்தான். ஊதினான். வெறுந்தட்டோடு பிடித்து முள் நிற்கக் காத்திருந்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நோய்க்கு முந்திய என் அப்பா அங்கே நின்றார்.

குழந்தைகளின் கால்கள் ஆடுவது நின்றது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், இந்த மாமா திட்டுவாரா என்று மெதுவாகக் கேட்டாள். சின்னவன் வசனத்தை எல்லாம் சொன்னான். கொட்டாவியை எடை போட்டான், பொய்யை எடை போட்டான். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் அம்மாள் அவனிடம் வந்தார்.

"ரொம்ப நல்லாப் பண்ணீங்க. ஆனா இது பிள்ளைங்களுக்கு இல்லீங்க."

"அப்ப நிறுத்திடுங்கம்மா. எடுத்து வெச்சதையும் போட வேணாம்."

"நிறுத்தினா இனிமே உங்கள இங்க மட்டுமில்ல, எங்கயுமே கூப்பிட மாட்டாங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்மா."

கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டான். அந்த வாரத்தோடு தராசு மாமா நின்றது. ஈடாக அந்த நேரத்தில் ஏதோ பொம்மைப் படம் போட்டார்கள். பிள்ளைகள் சீக்கிரமே மறந்தார்கள்.

நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று அப்பாவிடம் சொல்லி, அவரைப் படி இறக்கப் பார்த்தேன். அவரும் எழ முயன்றார். கால் அதற்குள் மடங்க மறுத்துவிட்டது. காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். சின்னவன் தரையில் பதிக்கும் ஓடுகள் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மா கேட்டாலும் குரல் மாற்றிப் பேசுவதில்லை. வாடிக்கையாளரில் யாராவது அவனை அடையாளம் கண்டு மாமா என்று கூப்பிட்டால், ஓட்டின் அளவைச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பான். அடுத்த மழைக்காலத்தில் அப்பா காலமானார்.

தன் நோயை நடித்துக் காட்டிய மகனை அப்பா கடைசிவரை கிட்டே சேர்க்கவில்லை என்று இன்றும் கடைத்தெருவில் பேச்சு இருக்கிறது. அது பொய். நடித்தது நோய்க்கு முன்னால். அப்பாவுக்குக் கடைசி நாள் வரை முகச்சவரம் செய்துவிட்டவன் சின்னவன். வேறு யார் கத்தியை எடுத்தாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், என்னிடமும் அப்படித்தான்.